பார்த்தால் மாறுமா? அலை, துகள், தடயம் – ஒரு வரலாறு

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் செக்கிங் பகுதி ஒன்று இருக்கும். துணியை மேசையில் விரித்து, நல்ல வெளிச்சத்தில் ஓட்டை இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் பார்த்தாலும் பத்துப் பேர் பார்த்தாலும் துணி மாறாது. ஓட்டை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. பார்ப்பது என்றால் ஏற்கனவே இருப்பதைத் தெரிந்து கொள்வது, அவ்வளவுதான்!

உலகம் முழுவதும் இப்படித்தான் இயங்குகிறது என்றே மனிதர்கள் வெகுகாலம் நம்பி வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஒளியும் எலக்ட்ரானும் எந்த வழியாகப் போகின்றன என்று பார்க்க முயன்றால் ஒரு மாதிரியும், பார்க்காமல் விட்டால் வேறு மாதிரியும் நடந்து கொள்வது தெரிய வந்தது. "மனிதன் பார்ப்பதால்தான் உலகமே உருவாகிறது" என்று சிலர் பேசத் தொடங்கியதும் இதை வைத்துத்தான்.

உண்மையில் நடப்பது என்ன? "பார்த்தல்" என்ற சொல்லுக்கு இயற்பியலில் என்ன பொருள்? இதற்கு விடை கிடைக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் துணியும் வருகிறது, ஊசியும் வருகிறது, சென்னையும் வருகிறது.

கைக்குட்டைக்குள் தெரிந்த அலை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்தவர் பிரான்சிஸ் ஹாப்கின்சன். 1776-ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஒரு நாள் மாலை அவர் ஒரு பட்டுக் கைக்குட்டையைக் கண் முன்னே விரித்துப் பிடித்துத் தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்தார். இழைகள் தடித்த கம்பிகள் போலத் தெரிந்தன. கைக்குட்டையை இடவலமாக நகர்த்தினாலும் அந்தக் கம்பிகள் நகரவில்லை! அப்படியானால் தெரிந்தவை இழைகளே அல்ல.

ஹாப்கின்சன் தம் நண்பரான வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுசிடம் விளக்கம் கேட்டார். ரிட்டன்ஹவுஸ் மெல்லிய முடிகளை நெருக்கமாக, இணையாகக் கட்டி ஒரு சட்டம் செய்து சோதித்தார். ஒளி பல கோடுகளாகப் பிரிந்தது. 1786-ல் அவர் இதை வெளியிட்டார். விளிம்பு விளைவுக் கீற்றணி எனப்படும் கருவியின் முதல் வடிவங்களில் இதுவும் ஒன்று.

இதை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மெல்லிய, நெருக்கமாக நெய்த துணி ஒன்றை விரித்துப் பிடித்து, இரவில் தூரத்தில் எரியும் சிறிய விளக்கைப் பார்த்தால், விளக்கைச் சுற்றிச் சிலுவை வடிவில் ஒளிப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நெசவுத் துணியில் பாவும் ஊடும் நேர்க்கோட்டில் ஓடுவதால் சிலுவை தெளிவாகக் கிடைக்கும். பனியன் துணியில் நூல் வளைந்து வளைந்து கண்ணியாகப் போவதால் அவ்வளவு தெளிவு வராது. இழை எவ்வளவு நெருக்கமோ, புள்ளிகள் அவ்வளவு விலகித் தெரியும்.

இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வழியாக வரும் ஒளி ஒவ்வொரு இடைவெளியிலும் சற்றே விரிகிறது. விரிந்தவை ஒன்றோடொன்று சேரும்போது சில இடங்களில் கூடிப் பளிச்சிடுகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. குளத்தில் இரண்டு கல் எறிந்தால் வளையங்கள் இப்படித்தான் கலக்கும். இது அலையின் குணம்.

கம்பளி அளந்த மருத்துவர்

ஒளி அலையா, துகளா என்ற சண்டை அதற்கும் முந்தியது. 1690-ல் வெளியான நூலில் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் ஒளியை அலை என்றார். நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் துகள் பக்கம் சாய்ந்தார். நியூட்டனின் பெயருக்கு இருந்த மதிப்பால் துகள் கொள்கையே நூறு ஆண்டுகள் ஓங்கி நின்றது.

அதை அசைத்தவர் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஜன்னலில் ஊசித் துளையிட்டு அதன் வழியே வந்த சூரிய ஒளிக்கற்றையின் நடுவில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டின் விளிம்பைப் பிடித்தார். அட்டையின் இருபக்கமும் வந்த ஒளி மறுபுறம் சேர்ந்து வரிவரியாக விழுந்தது. ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்து விட்டன. இருவழியும் திறந்திருந்தால்தான் வரி! 1803 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் இதை விவரித்தார். இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் இரட்டைப் பிளவு சோதனையின் வேர் இதுதான்.

யங் இதே தத்துவத்தை வைத்துத் துணித் தொழிலுக்கு உதவும் கருவி ஒன்றையும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் எரியோமீட்டர். கிரேக்க மொழியில் எரியான் என்றால் கம்பளி. கம்பளி இழையின் வழியே விளக்கைப் பார்த்தால் தெரியும் ஒளி வளையங்களின் அளவைக் கொண்டு இழையின் தடிமனைக் கணக்கிடும் கருவி அது. இரத்த அணுக்களின் அளவைக் காணவும் யங் அதையே பயன்படுத்தினார். ஒளியின் அலைக் குணம் இப்படி நூல் அளக்கும் வேலைக்கும் வந்து சேர்ந்தது.

ஓர் ஊசியும் மூன்று மாதமும்

அலைக் கொள்கை வென்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 1905-ல் ஐன்ஸ்டைன் துகளை மீண்டும் கொண்டு வந்தார். உலோகத்தின் மீது ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளியேறுவதை, ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்று வைத்துக் கொண்டால் எளிதாக விளக்கலாம் என்று காட்டினார். அந்தப் பொட்டலங்களைத்தான் இன்று ஃபோட்டான் என்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழுந்தது. ஒளி துகள் கூட்டம் என்றால், வரிகள் உருவாவது ஏராளமான துகள்கள் ஒன்றோடொன்று மோதிக் கொள்வதால் இருக்கலாம் அல்லவா? அப்படியானால் ஒளியை மிக மிக மங்கலாக்கினால் வரிகள் மறைய வேண்டும்.

1909-ல் கேம்பிரிட்ஜில் ஜெப்ரி டெய்லர் என்ற இளைஞர் இதைச் சோதித்தார். எரிவாயுச் சுடரின் ஒளியைப் புகை படிந்த கண்ணாடிகளால் மங்கச் செய்து, அந்த ஒளியில் ஒரு தையல் ஊசியின் நிழலைப் படமெடுத்தார். மிக மங்கலான ஒளிக்குச் சுமார் 2,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ மூன்று மாதம், படத்தட்டைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு மைலுக்கும் சற்று அதிகமான தூரத்தில் எரியும் ஒரு மெழுகுவர்த்தியின் வெளிச்சம்தான் அது! ஆனாலும் ஊசி நிழலின் ஓரத்தில் வரிகள் வழக்கம் போலவே தெளிவாக இருந்தன. கூட்டம் வேண்டியதில்லை, துளித்துளியாக வந்த ஒளியும் அலையின் கோலத்தையே வரைந்தது.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்

இதற்கு மூன்று ஆண்டுகள் முன், 1906-ல், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த ஒரு மாணவரின் கட்டுரை லண்டனின் ஃபிலசாபிக்கல் மேகசின் இதழில் வெளிவந்தது. செவ்வகத் துளையில் ஒளி சாய்ந்து விழும்போது விளிம்பு விளைவு வரிகள் இருபுறமும் சமமாக இல்லாமல் போவது பற்றிய கட்டுரை அது. மாணவரின் பெயர் சி.வி. ராமன். வயது பதினெட்டு. திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தவர்.

ராமனின் முதல் ஆய்வு ஒளியின் அலைக் குணத்தைப் பற்றியது. அவருக்குப் புகழ் தந்த ஆய்வோ துகள் குணத்தோடு சேர்ந்தது. 1923-ல் அமெரிக்காவின் காம்ப்டன், எக்ஸ்-கதிர் எலக்ட்ரானில் மோதும்போது ஒரு பந்து இன்னொரு பந்தில் மோதுவது போல ஆற்றலை இழக்கிறது என்று கண்டார். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடக்க வேண்டும் என்று ராமன் எண்ணினார். கல்கத்தாவில் அவரும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து செய்த ஆய்வில் 1928 பிப்ரவரியில் அது உறுதியானது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு ஆற்றலை இழந்தோ பெற்றோ நிறம் மாறி வருகிறது. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே மனிதரின் இரண்டு ஆய்வுகளில் ஒளி இரண்டு முகம் காட்டிவிட்டது! எந்தக் கேள்வி கேட்கிறோமோ அதற்கேற்ற முகத்தைக் காட்டுகிறது என்பதுதான் அன்றைய இயற்பியலாளர்களைக் குழப்பியது.

எலக்ட்ரானும் அப்படியே

1924-ல் பிரான்சின் டி பிராய் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஒளிக்கு இரு முகம் இருந்தால் எலக்ட்ரானுக்கும் இருக்க வேண்டும் என்றார். 1927-ல் அமெரிக்காவில் டேவிசன், ஜெர்மர் இருவரும், பிரிட்டனில் ஜி.பி. தாம்சனும் இதை நிரூபித்தார்கள். எலக்ட்ரானைத் துகளாகக் கண்டுபிடித்து நோபல் வாங்கியவர் ஜே.ஜே. தாம்சன், அதை அலையாகக் காட்டி நோபல் வாங்கியவர் அவருடைய மகன் ஜி.பி. தாம்சன்.

1961-ல் ஜெர்மனியின் கிளாஸ் யான்சன் எலக்ட்ரானைக் கொண்டு பிளவுச் சோதனையைச் செய்தார். 1970களில் இத்தாலியின் பொலோனியா நகரிலும், 1989-ல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுராவின் குழுவும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு எலக்ட்ரானும் திரையில் ஒரே ஒரு புள்ளியாக விழுந்தது. அது துகள். ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்த பிறகு பார்த்தால் வரிவரியான கோலம். அது அலை. ஒவ்வொன்றும் தனியாகப் போயும், எல்லாம் சேர்ந்து இருவழியும் திறந்திருந்ததற்கான கோலத்தை வரைந்திருந்தன!

அப்படியானால் ஒவ்வோர் எலக்ட்ரானும் எந்தப் பிளவு வழியாகப் போனது? அதைக் கண்டறிய ஒரு கருவியை வைத்தால் வரிகள் போய்விடும், வரிகளற்ற மங்கலான பரவல்தான் மிஞ்சும் என்று குவாண்டம் கோட்பாடு சொன்னது. 1998-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் நுண்ணிய மின்சுற்றில் எலக்ட்ரானின் பாதை அருகே ஓர் உணர்கருவியை வைத்து இதைக் காட்டினார்கள். உணர்கருவியின் கூர்மையைக் கூட்டக் கூட்ட வரிகள் மங்கின.

தொட்டதால் கெட்டதா?

பார்த்தால் வரி ஏன் மறைகிறது? முதலில் கிடைத்த விளக்கம் எளிமையானது. 1927-ல் ஹைசன்பர்க் சொன்னது அது. எலக்ட்ரானைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் மேல் ஒளி பட வேண்டும். ஒளி பட்டால் எலக்ட்ரான் தள்ளப்படும். தள்ளப்பட்டால் வரி கலையும். இருட்டில் ஒரு சோப்புக் குமிழியைக் கையால் தடவித் தேடுவது போல!

அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் கோமோ நகரில் நடந்த மாநாட்டில் நீல்ஸ் போர் வேறு விதமாகப் பேசினார். அலையும் துகளும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரண்டு விவரிப்புகள். அவற்றில் எது வெளிப்படும் என்பதை முழுச் சோதனை அமைப்புதான் தீர்மானிக்கிறது என்றார். தள்ளுதல் மட்டுமே காரணம் அல்ல என்பது இதில் அடங்கியிருந்தது.

யார் சொன்னது சரி? 1998-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் டூர், நான், ரெம்பே ஆகிய மூவர் இதைச் சோதித்தார்கள். ருபிடியம் அணுக்களை இரு பாதையில் பிரித்து அனுப்பினார்கள். அணு எந்தப் பாதையில் போனது என்பதை அணுவின் உள்நிலையிலேயே நுண்ணலையால் ஓர் அடையாளமாக எழுதி வைத்தார்கள். நுண்ணலை அணுவைத் தள்ளும் விசை மிகச் சிறியது, வரிகளைக் கலைக்க அது போதவே போதாது. ஆனாலும் வரிகள் மறைந்தன! அந்த அடையாளத்தை யாரும் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. எழுதி வைத்திருந்ததே போதும்.

2004-ல் வியன்னாவில் ஆன்டன் சைலிங்கர் உள்ளிட்டோரின் குழு செய்த சோதனை இன்னும் தெளிவானது. 70 கார்பன் அணுக்கள் சேர்ந்து பந்து வடிவில் இருக்கும் மூலக்கூறுகளைக் கொண்டு அவர்கள் வரிகளை உருவாக்கினார்கள். பிறகு அந்த மூலக்கூறுகளை லேசர் ஒளியால் சூடாக்கினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒளிர்வது போல, சூடான மூலக்கூறும் ஒளியை உமிழும். அந்த ஒளி மூலக்கூறு எங்கிருந்தது என்ற செய்தியைச் சுமந்து செல்லும். வெப்பம் ஏற ஏற வரிகள் மங்கின. உமிழ்ந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. ஆய்வகச் சுவரில் போய் மோதி மறைந்த ஒளியே வரிகளை அழித்துவிட்டது.

இதுதான் முக்கியமான திருப்பம். குவாண்டம் இயற்பியலில் "பார்த்தல்" என்றால் கண்ணால் பார்ப்பது அல்ல, மனதால் அறிவதும் அல்ல. எந்த வழி என்ற தடயம் வெளியுலகில் எங்காவது பதிவதே பார்த்தல். அந்தப் பதிவைச் செய்வது ஒரு கருவியாகவும் இருக்கலாம், காற்றின் ஒரு மூலக்கூறாகவும் இருக்கலாம், வழிதவறிய ஓர் ஒளித்துகளாகவும் இருக்கலாம். தடயம் எவ்வளவு தெளிவோ வரி அவ்வளவு மங்கல். பாதி தடயம் இருந்தால் வரியும் முழுதாக மறையாமல் ஓரளவு மிஞ்சும்.

துணியும் மேசையும் மனிதர்களும் அலையாகத் தெரியாததற்கும் இதுவே முக்கியக் காரணம். நம்மைச் சுற்றிக் காற்றும் ஒளியும் ஒவ்வொரு நொடியும் மோதிக் கொண்டே இருக்கின்றன, தடயம் பதிந்து கொண்டே இருக்கிறது. செக்கிங் மேசையில் விரிக்கும் முன்பே அந்தத் துணி உலகத்தால் எண்ணற்ற முறை "பார்க்கப்பட்டு" விட்டது!

கல்கத்தாவிலிருந்து ஒரு கேள்வி

போர் சொன்னபடி அலையும் துகளும் ஒரே சோதனையில் சேர்ந்து தெரியவே தெரியாதா? இந்தக் கேள்வியை இந்தியர்கள் மூவர் எழுப்பினார்கள். 1991-ல் பார்த்தா கோஷ், தீபங்கர் ஹோம், கிரீஷ் அகர்வால் ஆகியோர் ஒரு சோதனையை முன்மொழிந்தார்கள்.

அதற்கு அடிப்படை ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் செய்து 1897-ல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு முப்பட்டகங்களை மிகச் சிறிய இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்தால், முதல் முப்பட்டகத்தில் முழுதும் எதிரொளிக்க வேண்டிய மின்காந்த அலை இடைவெளியைத் தாண்டி இரண்டாவதற்குள் ஓரளவு நுழைந்து விடுகிறது. இடைவெளி பெரிதானால் நுழைவது நின்று விடுகிறது. இது அலைக்கே உரிய வித்தை.

போஸின் அமைப்பில் ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் என்ன ஆகும் என்று மூவரும் கேட்டார்கள். ஒரு ஒளித்துகள் ஒன்று தாண்ட வேண்டும் அல்லது எதிரொளிக்க வேண்டும், இரண்டு உணர்கருவிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கக் கூடாது. அது துகளின் குணம். ஆனால் தாண்டுவதே அலையின் குணம். ஒரே அமைப்பில் இரண்டும்! 1992-ல் ஜப்பானில் மிசோபுச்சி, ஓடாகே இருவரும் இதைச் செய்து பார்த்து, எதிர்பார்த்தபடியே நடந்ததாக அறிவித்தார்கள். அவர்களின் புள்ளிவிவரம் போதாது என்ற விமர்சனம் எழுந்ததால், 2004-ல் இத்தாலியில் வேறொரு அமைப்பில் இதே கருத்து மீண்டும் சோதிக்கப்பட்டது.

போர் தோற்றுவிட்டார் என்று இதற்குப் பொருளல்ல. பாதைத் தடயத்துக்கும் வரியின் தெளிவுக்கும் உள்ள கணக்கு இதனால் உடையவில்லை. ஆனால் "அலை அல்லது துகள்" என்று பள்ளியில் சொல்லித் தருவது போல அது அவ்வளவு எளிய இரண்டு பெட்டிகள் அல்ல என்பது தெளிவாயிற்று.

பார்த்துக் கொண்டே இருந்தால் நின்று விடுமா?

பார்வை வரியை அழிக்கும், சரி. ஒரு நிகழ்ச்சியையே நிறுத்துமா? இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் தமிழ்நாட்டில் படித்தவர், பின்னர் இங்கே பணியும் செய்தவர்.

எண்ணக்கல் சண்டி ஜார்ஜ் சுதர்சன் 1931-ல் கேரளத்தின் கோட்டயம் அருகே பள்ளம் என்ற ஊரில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1980களில் ஐந்து ஆண்டுகள் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். குவாண்டம் ஒளியை அலைகளின் மொழியில் எழுதிக் காட்டும் வழியை 1963-ல் தந்தவரும் இவரே. அந்தத் துறையில் 2005-ல் ராய் கிளாபருக்கு நோபல் கிடைத்தபோது தம் பங்கு மறைக்கப்பட்டதாக நோபல் குழுவுக்கு அவர் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. 2018 மே மாதம் டெக்சாசில் காலமானார்.

1977-ல் சுதர்சனும் பைத்யநாத் மிஸ்ராவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிலையற்ற துகள் ஒன்று சிதையக் காத்திருக்கிறது. அது சிதைந்ததா என்று இடைவிடாமல் பார்த்துக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கணக்குப்படி அது சிதையவே சிதையாது! பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் நிற்கிறது, எனவே அம்பு நகரவே முடியாது என்று வாதிட்ட கிரேக்கத் தத்துவஞானி சீனோவின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். குவாண்டம் சீனோ விளைவு என்று இது இன்று வழங்கப்படுகிறது.

இதன் கணக்கு கடினமானது அல்ல. குவாண்டம் மாற்றம் தொடக்கத்தில் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. உதாரணமாக, ஒரு குறுகிய நேரத்தில் ஓர் அணு நிலை மாறும் வாய்ப்பு நூற்றுக்கு 8 என்று வைத்துக் கொள்வோம். அந்த நேரத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொரு முறையும் பார்த்தால், ஒவ்வொரு கால் பங்கிலும் வாய்ப்பு நான்கில் ஒன்றாக அல்ல, பதினாறில் ஒன்றாகக் குறையும். அதாவது நூற்றுக்கு அரை. ஒவ்வொரு பார்வையும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைப்பதால் நான்கு முறையும் சேர்த்து நூற்றுக்கு 2. எட்டாகப் பிரித்தால் நூற்றுக்கு 1. பார்க்கப் பார்க்க மாற்றம் கரைந்து போகிறது!

பின்னலாடை எந்திரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் துணியைச் சோதித்தால் உற்பத்தி குறையும் அல்லவா என்று தோன்றலாம். ஆனால் இது அது அல்ல. அங்கே எந்திரம் நிற்கும் நேரம்தான் வீணாகிறது, ஓடும் நேரத்தில் துணி வழக்கம் போல வளரும். இங்கே ஓடும் நேரத்திலேயே வளர்ச்சி குறைகிறது.

1990-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இட்டானோ, வைன்லேண்ட் உள்ளிட்ட குழுவினர் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளைப் பொறிக்குள் அடைத்து இதைச் சோதித்தார்கள். 256 மில்லி வினாடி வானொலி அலையைச் செலுத்தினால் எல்லா அயனிகளும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய்விடும். நடுவே லேசர் துடிப்புகளை அனுப்பி 64 முறை "பார்த்தபோது" மிகப் பெரும்பாலான அயனிகள் பழைய நிலையிலேயே நின்றுவிட்டன. அங்கே பார்த்ததும் லேசர் துடிப்புதான், மனிதக் கண் அல்ல. வைன்லேண்ட் 2012-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார், அது அயனிகளைக் கையாளும் முறைகளுக்காக.

அப்படியானால் யுரேனியத்தைப் பார்த்துக் கொண்டே இருந்தால் அணுக்கதிர் வீச்சு நின்று விடுமா? நிற்காது. வர்க்கக் கணக்கு செல்லுபடியாகும் அந்தத் தொடக்க நேரம் கதிரியக்கத்தில் எட்ட முடியாத அளவுக்குக் குறுகியது. பார்க்கும் வேகம் தவறினால் மாற்றம் விரைவுபடவும் கூடும் என்று கோட்பாடு சொன்னது. 2001-ல் டெக்சாசில் ரெய்சனின் குழு சோடியம் அணுக்களைக் கொண்டு இரண்டையுமே, அதாவது தாமதமாவதையும் விரைவாவதையும், காட்டியது. சுதர்சன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில்!

ஏன் இதைச் சரியாகப் புரிந்து கொள்ள வேண்டும்?

"மனதில் நினைத்தால் உலகம் மாறும், குவாண்டம் இயற்பியலே சொல்லிவிட்டது" என்று கூறிப் பயிற்சி வகுப்புகளும் மருந்தில்லா வைத்தியங்களும் விற்கப்படுகின்றன. நோயாளி மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்பினால் போவது உயிர். மேலே கண்ட சோதனைகளில் எதிலும் மனித மனம் எதையும் செய்யவில்லை. கான்ஸ்டன்சில் நுண்ணலை, வியன்னாவில் வெப்பம், போல்டரில் லேசர். அளவீட்டின் முடிவில் பல வாய்ப்புகளில் ஒன்று மட்டும் ஏன் நிகழ்கிறது என்ற ஆழமான கேள்வி இன்னும் தீரவில்லை என்பது உண்மைதான். ஆனால் தீராத கேள்வி எவருடைய வியாபாரத்துக்கும் சான்றிதழ் ஆகாது.

இன்னொரு பக்கம், இந்த அறிவு பயனுக்கும் வந்திருக்கிறது. 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு பன்னாட்டு மாநாட்டில் பென்னட், பிரசார்ட் இருவரும், ஒளித்துகள்களைக் கொண்டு இரகசியச் சாவி அனுப்பும் முறையை முன்வைத்தார்கள். நடுவில் எவராவது திருட்டுத்தனமாகப் பார்த்தால் ஒளித்துகளின் நிலை மாறிவிடும், அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் அது தெரிந்துவிடும். பார்த்தால் மாறும் என்ற குணமே அங்கே காவலாளி. 2022-ல் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இத்தகைய இணைப்பை இந்திய விஞ்ஞானிகள் சோதித்துக் காட்டினார்கள். 2023-ல் மத்திய அரசு ரூ.6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைகிறது.

கைக்குட்டை, அட்டைத் துண்டு, தையல் ஊசி என்று கைக்கெட்டிய பொருள்களில் தொடங்கிய தேடல் இது. ஒளி நம்மைக் கண்டு வெட்கப்பட்டு வேடம் மாற்றுவதில்லை என்பதே அது கற்றுத் தந்த பாடம். உலகில் எங்கோ ஓரிடத்தில் தடயம் பதிகிறது, அதனால் வரி மறைகிறது. தடயம் பதியாத வரை இருவழியும் திறந்தே இருக்கின்றன.